ஈயின் கண்ணில் தெரியும் மூளை நோய்

கேள்வி: மூளை நோய்களை ஈயை வைத்து ஆராய்கிறீர்களாமே. பழுத்த பழத்தை மொய்க்குமே, அந்த ஈயா?

அதேதான். டிரோசோபிலா மெலனோகாஸ்டர். மனித நோய்களோடு தொடர்புள்ள மரபணுக்களில் ஏறத்தாழ 75 சதவீதத்துக்கு ஈயிலும் இணை உண்டு.

கேள்வி: ஈக்கு நடுக்கம் வந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

நடுக்கத்தை விடுங்கள், ஏறச் சொல்லிப் பார்ப்போம். ஈக்களைக் கண்ணாடிக் குழாயில் போட்டு மேசையில் தட்டினால் எல்லாம் அடியில் விழும். நல்ல ஈ அடுத்த நொடியே சுவரில் ஏறிவிடும். நோய் மரபணு உள்ளது வயதாக ஆகப் பாதி வழியில் வழுக்கும். அப்புறம் அடியிலேயே கிடந்து காலை உதைக்கும். குறித்த நொடிகளுக்குள் எத்தனை ஈக்கள் கோட்டைத் தாண்டின என்று எண்ணுவோம். சலிப்பான வேலைதான், ஆனால் பொய் சொல்லாது.

கேள்வி: மனித மரபணுவை ஈயின் கண்ணில் வைப்பது ஏன்?

கண் கெட்டாலும் குழாய்க்குள் ஈ பிழைத்துக்கொள்ளும், அதனால்தான். சுமார் 800 சிறு கண்கள் தேன்கூடு போல வரிசையாக இருக்கும். நரம்பணுக்கள் சிதைந்தால் அந்த வரிசை குலைந்து, நிறமும் வெளுத்துப்போகும். நுண்ணோக்கியில் பார்த்த உடனே தெரியும். 1998இல் ஹண்டிங்டன், மசாடோ-ஜோசப் என்ற பரம்பரை மூளை நோய்களின் ஈ மாதிரிகள், அதாவது அந்த நோயைக் காட்டும் ஈக்கள், இப்படித்தான் வந்தன. மறு ஆண்டே, மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் எச்எஸ்பி70 என்ற துணைப் புரதத்தைக் கூட்டியபோது கண் சிதைவு அடங்கியது. வேடிக்கை என்னவென்றால், நரம்பணுக்களுக்குள் நோயால் சேர்ந்திருந்த புரதக் கட்டிகள் அப்படியே இருந்தன! கட்டிதான் கொலையாளி என்று நினைத்தவர்களை அது யோசிக்க வைத்தது.

கேள்வி: பார்க்கின்சனில் ஈ என்ன சொல்லிக்கொடுத்தது?

பார்க்கின்சனில் மூளை அணுக்களுக்குள் கட்டியாகச் சேரும் புரதம் ஆல்பா-சைனூக்ளின். அதன் மரபணு ஈயிடம் கிடையாது. மனிதருடையதை நுழைத்து 2000இல் ஒரு மாதிரி உருவானது. எனக்குப் பிடித்தது 2006இல் வந்த முடிவு. பிங்க்1 என்ற மரபணு இல்லாத ஈயின் இறக்கை தசையில், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா சிதைந்துவிடும். அதற்குப் பார்க்கின் புரதத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் தேறும். பார்க்கின் இல்லாத ஈக்குப் பிங்க்1ஐக் கொடுத்தால் தேறாது. அதாவது ஒரே பாதையில் பிங்க்1 முன்னே, பார்க்கின் பின்னே. இரண்டுமே மனிதரில் இளவயதுப் பார்க்கின்சனோடு தொடர்புள்ளவை.

கேள்வி: என் அப்பாவுக்கு ஹண்டிங்டன். ஈயில் பலித்த மருந்து எனக்கு உதவுமா?

இப்போதைக்கு அதை நம்பி இருக்காதீர்கள். ஈ முதல் சல்லடை மட்டுமே. அதன் உடலில் நம்முடையது போன்ற, கிருமியை நினைவில் வைத்துத் தாக்கும் தகவமைப்பு நோயெதிர்ப்பு கிடையாது, அதற்குத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் அளவும் மனிதருக்குப் பொருந்தாது. உங்களுக்கு அந்த மரபணு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. சரி, சோதனை செய்யலாமா? அது உங்கள் விருப்பம், ஆனால் ரத்தம் கொடுப்பதற்கு முன் மரபியல் ஆலோசகரிடம் பேசிவிடுங்கள்.