‘மீண்டும் தொடங்கும்’ ஆல்பம் என்றால் என்ன? பால்புதுமையர் (தன்பாலினரைக் காதலிப்போர் உள்ளிட்ட ‘க்வியர்’ மக்கள்) பாடகர்களாகப் பாடும்போது அதில் என்ன புதுமை?

காதல் முறிவில் தொடங்கி, தனிமையைக் கடந்து, அடுத்த அன்பை நோக்கி நகரும் பாடல்களின் தொகுப்பை இப்படிச் சொல்லலாம். ஆஸ்திரேலியப் பாடகர் ட்ராய் சிவான் 2023 அக்டோபரில் வெளியிட்ட ‘சம்திங் டு கிவ் ஈச் அதர்’ நல்ல உதாரணம். பத்தே பாடல்கள். பிரிவுக்குப் பின் எழுதப்பட்டிருந்தாலும் அழுகையைவிட ஆட்டம்தான் அதிகம்.

புதுமை ஒரு சிறு சொல்லில் இருக்கிறது. தன்பாலினரைக் காதலித்த பாடகர்கள் பலர் வெகுகாலம் ‘நீ’ என்றே பாடினார்கள். ‘நீ’ ஆணா, பெண்ணா என்று யாரும் கேட்க முடியாது. நம் தமிழிலும் அப்படித்தானே! ‘அவன்’ என்று ஓர் ஆண் பாடிவிட்டால் மறைவு கலைந்துவிடும். இன்று அப்படித் துணிந்து பாடுகிறார்கள். ஒளிக்கச் செலவிட்ட கவனம் இப்போது காதலுக்குப் போகிறது, வரிகளும் கூர்மையாகின்றன.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் நிலைகளும் அங்கே வந்து சேரும். யாரோ வாங்கிப்போய்ப் புது வீட்டில் நிறுத்துவார்கள். பழைய ஆணித் துளை அப்படியே இருக்கும், தூணோ புதுக் கூரையைத் தாங்கும். (எனக்கு அந்தத் துளைகள்தான் பிடிக்கும்.) இந்த ஆல்பங்களும் அப்படித்தான்: பழைய காதலைத் தூக்கி எறிவதில்லை, இடம் மாற்றி வைக்கின்றன.

இவை பால்புதுமையர் மட்டுமே கேட்பதற்கானவை என்று பலர் நினைக்கிறார்கள். பிரிந்த மறுநாள் காலையில் கைப்பேசியை எடுத்து, செய்தி அனுப்பாமலே வைத்தவர் எவருக்கும் இவை புரியும்.