உயிர்வேதியியல் படிக்க வரும் தம்பிக்கு

இங்கே வெளிநாட்டில் பெரிய பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலும் மூலக்கூறு உயிரியலும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, பாடம் கஷ்டமா, எந்தப் புத்தகம் வாங்குவது, விடுதியா வெளியில் அறையா, பகுதிநேர வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறைக்கும் வேலைக்கும் வழி சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். புத்தகம் நூலகத்திலேயே இருக்கும், வந்த உடனே காசைக் கொட்ட வேண்டாம். நான் படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் அடிபடுவது அங்கேதான்.

முதலாண்டு வகுப்பில் நூற்றுக்கணக்கான பேர் இருப்பார்கள். வந்தாயா, புரிந்ததா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் வந்த புதிதில் பேராசிரியரின் உச்சரிப்பே பிடிபடவில்லை, திரையில் வந்ததை அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்தவர் பெயர்கூடத் தெரியாமல் ஒரு பருவம் ஓடிவிட்டது. பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்குவார்கள், போய்ப் பார்த்தால் அந்த அறை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். போய் உட்காருங்கள். மொழி சரளமாக வரவேண்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மனப்பாடம் கைகொடுக்கும் என்று நம்பி வராதீர்கள். செல் சர்க்கரையை உடைக்கும் கிளைக்கோலிசிஸின் பத்துப் படிகளும் உங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும், சரி. தேர்வில் கேட்பது வேறு. 1958-இல் மெசல்சன், ஸ்டால் என்ற இரு விஞ்ஞானிகள், டிஎன்ஏ எப்படி நகலாகிறது என்று பார்க்க, கனமான நைட்ரஜன்-15 உணவில் வளர்ந்த பாக்டீரியாவை இலேசான நைட்ரஜன்-14-க்கு மாற்றி, டிஎன்ஏவை அடர்த்தி வாரியாகப் பிரித்தார்கள் இல்லையா, முதல் தலைமுறையில் இடைப்பட்ட அடர்த்தியில் ஒரே பட்டை வந்தது. பழைய இரட்டை இழை அப்படியே தங்கி, புதியது தனியாக உருவாகியிருந்தால் என்ன பட்டைகள் வந்திருக்கும், இதுதான் கேள்வி. கனமானது ஒன்று, இலேசானது ஒன்று என்று இரண்டு வந்திருக்கும். விடையை மட்டும் படித்தவருக்கு இங்கே கை நின்றுவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் ‘வேறு மாதிரி வந்திருந்தால்?’ என்று கேட்டுப் பழகுங்கள்.

அடுத்தது லேப் அறிக்கை. நம் ஆட்களிடையே பழைய அறிக்கைகளைக் கைமாற்றிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது, சீனியர்கள் அதை உதவி என்றே நினைக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் இருக்கிறது, மாட்டினால் படிப்பும் போகலாம், அதோடு விசாவும் போகலாம். டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் சோதனையில், டிஎன்ஏ போடாத கண்ட்ரோல் குழாயிலும் பட்டை வந்துவிட்டதா, எங்கோ கலப்படம் ஆகியிருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள். தேதி போட்டு, பேனாவில். சோதனை சரியாக வரவில்லை என்பதற்காகவே மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, மறைப்பவர்கள் மீதுதான் அவர்களுக்கு ஆத்திரம்.

அப்புறம், சீக்கிரமே ஓர் ஆராய்ச்சி லேபுக்குள் நுழையப் பாருங்கள். ‘அதெல்லாம் நேர விரயம், சுலபமான பாடங்களை எடுத்து மதிப்பெண் வாங்கு’ என்று சொல்லும் பழைய ஆட்களின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். அந்த லேபை நடத்தும் பேராசிரியரின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு நாலு வரியில் மின்னஞ்சல் எழுதுங்கள். பதில் வராது. அடுத்தவருக்கு எழுதுங்கள். உள்ளே விட்டால் முதலில் பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டு ஊற்றுவதும் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைப் பார்த்துக்கொள்வதும்தான் வேலையாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. அங்கிருந்த டெக்னீஷியன் அம்மா என்னை நொதிப் பெட்டியைத் தொடவே விடவில்லை. துளியளவு திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டைக் கையில் கொடுத்து, தராசின் மேல் தண்ணீர் விடச் சொன்னார். 100 மைக்ரோலிட்டர் விட்டால் 0.1 கிராம் காட்ட வேண்டும், மறுபடி மறுபடி அதே எடை வர வேண்டும். பொத்தானை முதல் தடை வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், இரண்டாம் தடை மிச்சத்தை வெளியே தள்ள மட்டும். இரண்டாம் தடை வரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிவிடும். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இன்றும் முதல் நாள் இதைத்தான் கொடுக்கிறேன். நீங்களும் தராசு காலியாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்துவிடுங்கள், யாரும் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.