அக்டோபரில் ஒரு நாள் படகுப் பயணம்: எவ்வளவு தூரம் போவது?

கேள்வி: நாங்கள் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் வசிக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோருக்காக அக்டோபர் நடுவில் ஒரு நாள், கால்வாய்க் கரை ஊரான பிரான்ஸ்டனில் நேரோபோட் (ஒடுங்கிய, நீளமான கால்வாய்ப் படகு) ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அங்குள்ள ஆறு லாக்குகளையும் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்), கால்வாய் செல்லும் சுரங்கத்தையும் கடந்து, அன்றே திரும்பிவிட வேண்டும் என்கிறார் கணவர். அப்பாவுக்கு மூட்டுவலி, இருவருக்கும் நீச்சல் தெரியாது. இவ்வளவு மெதுவான பயணம் அவர்களுக்குச் சலிப்பாகிவிடுமோ என்றும் கவலையாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, படகை விட்டுவிடாதீர்கள், திசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் வழியில் ஒவ்வொரு லாக்குக்கும் கால் மணி நேரம் என்று வைத்தாலும், போக வர பன்னிரண்டு முறைக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும். 1,867 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள், கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரோடும் இருட்டோடும், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்துக்கு மேல் போக வேண்டியிருக்கும். அக்டோபர் நடுவில் மாலை ஆறு மணியை ஒட்டிச் சூரியன் மறைந்துவிடும் என்பதால், கனமான கதவுகளை முதுகால் தள்ளுவதிலும் கடிகாரத்தைப் பார்ப்பதிலும் அந்த நாள் தீர்ந்துபோகும்.

அதே பிரான்ஸ்டனிலிருந்து மேற்கே நேப்டனை நோக்கித் திரும்பினால், சுமார் ஐந்து மைலுக்கு ஒரு லாக்கும் இல்லை. 1790இல் முழுமையடைந்த ஆக்ஸ்போர்டு கால்வாயின் ஒரு பகுதி அது. அதைத் திட்டமிட்ட ஜேம்ஸ் பிரிண்ட்லி, மேட்டை வெட்டுவதையும் பள்ளத்தை நிரப்புவதையும் கூடியமட்டும் தவிர்த்து, நிலத்தின் மட்டத்தை ஒட்டியே கால்வாயைக் கொண்டுபோனவர். அதனால் வயல்களும் ஆடு மேயும் புல்வெளிகளும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துகொண்டே இருக்கும். பின்னால் பிரான்ஸ்டன் தேவாலயத்தின் கூர்கோபுரம் நெடுநேரம் தெரியும். வேலிகளில் ஹாத்தார்ன் என்ற முட்செடியின் பழங்கள் சிவந்திருக்கும் காலம் அது. இலை உதிர்ந்து மரங்கள் மெலிந்திருப்பதால், கோடையில் மறைந்துகிடக்கும் பண்ணை வீடுகளும் கண்ணில் படும். கரையில் அசையாமல் நிற்கும் சாம்பல் நாரை, படகு மிக அருகே வந்த பிறகுதான் எழுந்து பறக்கும். சலிப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள். நடக்கச் சிரமப்படும் ஒருவருக்கு, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நாட்டுப்புறம் முழுவதையும் நிதானமாகப் பார்க்கக் கிடைப்பது அரிய வாய்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

வேக வரம்பு மணிக்கு நாலு மைல் என்றாலும், மூன்று மைலுக்கே கணக்குப் போடுங்கள். நின்றிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும்; இல்லாவிட்டால் நம் படகு கிளப்பும் நீரோட்டம் அவற்றின் கட்டுமுளைகளைப் பிடுங்கிவிடும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்பது முதல் அரை மணி நேரம் அனைவரையும் குழப்பும். பிறகு அப்பாவையும் சிறிது நேரம் பிடிக்கச் சொல்லுங்கள்; வாடகைப் படகை ஓட்ட ஓட்டுநர் உரிமம் தேவையில்லை.

இலையுதிர்காலத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. நீரில் ஊறிய இலைகள் சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டு படகை மந்தமாக்கும். அப்போது எஞ்சினை நடுநிலைக்குக் கொண்டுவந்து, சில நொடிகள் பின்னோக்கி இயக்கினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

கால்வாய் பொதுவாக ஆழமற்றது என்றாலும் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும். பெற்றோர் இருவருக்கும் உயிர்காப்புச் சட்டை வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படகின் விளிம்பில் நடக்க விடாதீர்கள். அறைக்குள் வெப்பமூட்டும் வசதி உண்டா என்பதையும் விசாரியுங்கள். பின்புறம் நின்று ஓட்டுபவருக்கு முதலில் விறைப்பது பாதங்கள்தான். ஆகவே இரட்டைக் காலுறை அவசியம். நண்பகலில் நடைபாதைப் பக்கமாகக் கட்டி நிறுத்தி, புளியோதரையும் சூடான காபியுமாக ஒன்றரை மணி நேரம் இருங்கள். நீளமான படகை எங்கும் திருப்ப முடியாது. அதற்கென அகலப்படுத்தப்பட்ட இடங்களைப் புறப்படும் முன்பே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

லாக் பார்க்கும் ஆசை கணவருக்குத் தீராவிட்டால், வார்விக் அருகே ஹாட்டனில் வரிசையாக 21 லாக்குகள் இருக்கின்றன. வேறொரு நாள் அங்கே போனால், படகே இல்லாமல் கரையோரம் நடந்து அவற்றின் இயக்கத்தைப் பார்க்கலாம். அப்பா மேலேயே ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.