ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் அது அதே இசைக்குழுதானா?

கேட்டவர் ஏதோ ஒரு குழுவிலிருந்து விலக்கப்பட்டவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் யாரையோ விலக்கப் போகிறவராக. மற்றவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. நான் விலக்கப்பட்டவன். ஆனாலும் என் பதில்: ஆம், அதே குழுதான்.

அமெரிக்காவில் டகோமா பக்கம் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை பார்ட்டிகளுக்கு சர்ஃப் ராக், அதாவது பாட்டில்லாமல் பெரும்பாலும் கிட்டாரிலேயே ஓடும் துள்ளல் இசை, வாசிக்கும் ஒரு குழுவில் ஆறு வருடம் பேஸ் கிட்டார் வாசித்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் அதே இடத்தில் வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எங்களுக்கெல்லாம் ஆதாரம் இந்த ஊரில் 1958இல் கிளம்பிய தி வென்ச்சர்ஸ் என்ற இசைக்குழு. டான் வில்சன், பாப் போகிள் என்ற இரண்டு கட்டட வேலைக்காரர்கள் தொடங்கியது. நோகி எட்வர்ட்ஸ் என்பவர் முதலில் பேஸ் வாசிக்கத்தான் வந்தார். அவர் லீட் கிட்டார், அதாவது மெட்டை எடுத்துச் செல்லும் கிட்டார், வாசிப்பதைக் கேட்ட போகிள், தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு பேஸுக்குப் போனார். குழுவைத் தொடங்கியவரே இப்படிச் செய்தார்! 1968இல் எட்வர்ட்ஸ் விலக, ஜெர்ரி மெக்கீ வந்தார். அடுத்த வருடமே அவர்கள் வாசித்த 'ஹவாய் ஃபைவ்-ஓ' அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் 4ஆம் இடம். டிரம்மர் மெல் டெய்லர் 1996இல் இறந்தபோது அவர் மகன் லியான் வந்து உட்கார்ந்தார். இதையெல்லாம் வேறு குழு என்று யாராவது சொல்வார்களா?

என் கதைக்கு வருகிறேன். அப்பா தவறிவிட்டார். தேனிக்குப் போனேன். என் கம்பெனி கொடுத்த துக்க விடுப்பு மூன்று நாள். ஊர் போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆகும் என்று சொல்லியும் கேட்கவில்லை, மிச்ச நாளெல்லாம் சம்பளப் பிடித்தம். கொள்ளி வைத்த மகன் மூன்றாம் நாள் விமானம் ஏற வேண்டுமாம். இந்த ஆத்திரம் இன்னும் எனக்குத் தீரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னியுங்கள்.

கருமாதி முடித்து, அம்மாவைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு ஏழு வாரம் கழித்துத் திரும்பினேன். அந்தச் சனிக்கிழமையே வாசிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டு பேஸைத் தூக்கிக்கொண்டு போனேன். மேடையில் என் இடத்தில் ஒரு பையன். எங்கள் எல்லோருக்கும் ஒரே துணியில் தைத்த நீலப் பூச்சட்டை போட்டிருந்தான். காலர் ஓரம் பழைய காபிக் கறை. என் சட்டை. டிரம்மர் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

நன்றாகவே வாசித்தான். பொறாமையில் எழுதுகிறான் என்று பின்னூட்டத்தில் சொல்லப் போகிறவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். ஏழு வாரம் குழு சும்மா இருக்க முடியாது, வாங்கிய அட்வான்ஸுக்கு வாசித்துத்தான் ஆக வேண்டும். எல்லாம் புரிகிறது. கடைசிப் பாட்டு வரை பெட்டியைத் திறக்காமல் நின்று கேட்டேன். நான் போட்ட பேஸ் நடையை அப்படியே வாசித்தான். எனக்கு முன்னால் இருந்தவரிடமிருந்து நான் எடுத்த இடங்களும் அதில் இருந்தன. அதனால்தான் அதே குழு என்கிறேன்.

ஆனால் ஒருவரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் விலக்கப் போகிறவர் என்றால் அந்த ஆளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அவர் இழவு வீட்டில் இருந்தாலும், அங்கே நடுராத்திரி என்றாலும் பரவாயில்லை.