ஃபேண்டஸி நாவல் எழுதும் மகள்: ஒரு தந்தையின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. குமாரபாளையத்தில் தறி ஓட்டிப் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒருவருக்கு, கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மகள் “வேலைக்குப் போக மாட்டேன், நாவல் எழுதி நானே வெளியிட்டுக்கொள்வேன்” என்று சொன்னால் தூக்கம் வராதுதான். ஆனால் அதைவிட உங்களை உறுத்துவது வேறொன்று என்று தெரிகிறது. ஞாயிறுதோறும் முகம் தெரியாத நூறு நூற்றைம்பது பேருக்கு “இரண்டாம் வரைவு 62 சதவீதம் முடிந்தது” என்று தகவல் அனுப்புகிறாள். பெற்றவரிடம் செமஸ்டர் மதிப்பெண்ணைக்கூடச் சொல்வதில்லை.

மதிப்பெண் விவகாரத்தை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த வரி அந்த 62 சதவீதம்தான்.

எழுத்தாளராக விரும்பும் பிள்ளைகள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். கையில் கற்பனை நாட்டின் வரைபடம் இருக்கும், அரச வம்சத்தின் பெயர்ப் பட்டியல் இருக்கும், மந்திரம் எப்படிப் பலிக்கும் என்பதற்கு விதிமுறைகூட இருக்கும். நாவல் மட்டும் இருக்காது. உங்கள் மகளோ முதல் வரைவை முடித்துவிட்டு இரண்டாவதில் பாதியைத் தாண்டியிருக்கிறாள். அதை வெளியில் சொல்லவும் துணிகிறாள். சொன்னால் அடுத்த வாரம் கேட்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறாள். தானே வெளியிடும் எழுத்தாளருக்கு இதுதான் முதலீடு. ஜவுளிக்காரர் உங்களிடம் முன்பணம் கொடுத்து ஆர்டர் போடுவது தறியின் அழகைப் பார்த்தா? போன தடவை சொன்ன தேதியில் சரக்கு வந்ததா என்று பார்த்துத்தானே?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிராண்டன் சாண்டர்சன் என்று ஒரு ஃபேண்டஸி (மந்திர உலகக் கதை) எழுத்தாளர் இருக்கிறார். உங்கள் மகளிடம் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாள். கல்லூரியில் உயிர்வேதியியலில் சேர்ந்து, பிறகு ஆங்கில இலக்கியத்துக்கு மாறியவர். படிக்கும் காலத்தில் ஓர் ஓட்டலில் இரவு வரவேற்பாளர் வேலை பார்த்தார். ஆள் வராத நேரத்தில் எழுதலாம் என்பதே காரணம். ஒரு டஜன் நாவல்கள் எழுதிக் குவித்த பிறகுதான், 2003இல், ஒரு பதிப்பகம் அவற்றில் ஒன்றை வாங்கியது. அது புத்தகமாக வந்தது 2005இல். எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புத்தகமும் எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று வாசகர்கள் பார்க்கும்படி தன் இணையதளத்தில் பட்டை வரைந்து காட்டுவது அவர் வழக்கம். ஆண்டுதோறும் டிசம்பரில், எது முடிந்தது, எது தள்ளிப்போகிறது, ஏன் என்று நீண்ட அறிக்கை ஒன்றும் எழுதுவார்.

2022 மார்ச்சில் அவர் நான்கு நாவல்களைப் பதிப்பகம் இல்லாமல் தானே வெளியிடப்போவதாகச் சொல்லி, கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் மூலம் வாசகர்களிடம் முன்கூட்டியே பணம் கேட்டார். கேட்டது 10 லட்சம் டாலர். 30 நாளில் வந்தது 4 கோடியே 17 லட்சம் டாலர். கொடுத்தவர்கள் 1,85,000க்கும் மேல். இந்தத் தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: பணம் கேட்டபோது அந்த நாவல்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. 2023இல் காலாண்டுக்கு ஒன்றாக அனுப்பி முடித்தார். பணம் கேட்பதற்கு முன் பதினேழு ஆண்டுகள், பெரிய பதிப்பகங்களின் துணையோடு, புத்தகம் புத்தகமாகச் சேர்த்த வாசகர்கள் அவர்கள். இன்றும் அவருடைய பல நூல்கள் பதிப்பகங்கள் வழியாகவே வருகின்றன. ஆகவே உங்கள் மகள் இவரைக் காட்டி “பாருங்கள் அப்பா” என்றால், அந்த ஓட்டல் வேலையையும் நினைவுபடுத்துங்கள்.

மறுபக்கமும் உண்டு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் நாவல் தொடரின் ஐந்தாம் பாகத்தை 2011இல் வெளியிட்டார். ஆறாம் பாகத்தை 2015 இறுதிக்குள் முடிக்க முடியவில்லை என்று 2016 தொடக்கத்தில் அவரே வாசகர்களுக்கு எழுத வேண்டிவந்தது. வாசகர்கள் விட்டார்களா? ஆண்டுக்கணக்கில் நச்சரித்தார்கள். அவருக்குப் பெரிய பதிப்பகமும் தொலைக்காட்சித் தொடரின் வருமானமும் இருந்தன, தாக்குப்பிடித்தார். தானே வெளியிடுபவருக்கு அந்தத் தாங்கல் கிடையாது. அதனால் மகளிடம் சொல்லுங்கள்: சதவீதம் சொல்லலாம், வெளியீட்டுத் தேதி சொல்வது மெய்ப்புத் திருத்தம் முடிந்த பிறகு. வாரம் ஒருமுறை வாசகர்களோடு பேசுவது போதும். நாள் முழுவதும் அவர்களோடு பேசிக்கொண்டிருந்தால் அந்தச் சதவீதம் நகராது.

இனி வரவு செலவு. தறிக்காரருக்குக் கணக்குச் சொல்லித் தர நான் யார்? இருந்தாலும் இந்தத் தொழிலின் எண்கள் உங்களுக்குப் புதிது. இந்த வகை நாவல் ஒரு லட்சம் வார்த்தை என்று வையுங்கள். நாளைக்கு 500 வார்த்தை எழுதினால் முதல் வரைவுக்கே 200 நாள். பிறகு இரண்டாம் வரைவு, நான்கைந்து பீட்டா வாசகர்கள் (வெளியீட்டுக்கு முன்பே படித்துப் பார்ப்பவர்கள்) சொல்லும் குறைகள், எடிட்டிங், அட்டை. அமேசான் கிண்டிலில் மின்னூலாக வெளியிட்டால் ராயல்டி, அதாவது விலையில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கு, 35 சதவீதம். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் 70 சதவீதம். 100 ரூபாய் விலையில் ஆயிரம் பிரதி விற்றால், 35 சதவீதக் கணக்கில் 35,000 ரூபாய். ஓராண்டு உழைப்புக்கு இது. முதல் நாவல் ஆயிரம் பிரதி விற்பதே நல்ல விற்பனை என்பேன்.

நிபந்தனைகளில் ஒன்றை மகள் கவனித்திருக்கிறாளா என்று கேளுங்கள். கிண்டிலின் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால், 90 நாள் தவணைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. வாசகர்களைச் சேர்ப்பதற்காக அத்தியாயங்களை வெளியே கொடுத்துவிட்டு இதில் சேர்ந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இன்னொன்று: அவள் ஆங்கிலத்தில் எழுதுவதால் வாசகர்களில் பலர் அமெரிக்காவில் இருக்கலாம். அங்கே விற்பதன் ராயல்டியில் 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இரு நாட்டு வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டால் அது 15 சதவீதமாகக் குறையும். பான் அட்டை இல்லையென்றால் இந்த மாதமே எடுத்துக் கொடுங்கள். அப்பா செய்யக்கூடிய உருப்படியான உதவி இது.

வேலை பற்றி. படிப்பை முடிக்கட்டும், வளாக நேர்காணலுக்கும் போகட்டும். மும்பையில் நிதித் துறையில் வேலை பார்த்த அமிஷ் திரிபாதியின் முதல் நாவலைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 2010இல் தன் முயற்சியிலேயே வெளியிட்டார். முதல் அத்தியாயத்தைத் தனியாக அச்சிட்டுப் புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுத்தார். புத்தகம் ஓடிய பிறகே, 2011இல், வேலையை விட்டார். உங்கள் மகளின் படிப்புக்கு மென்பொருள் நிறுவனங்களில் டெக்னிக்கல் ரைட்டர் என்ற வேலை இருக்கிறது. மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று தெளிவாக எழுதித் தரும் வேலை. சென்னை, பெங்களூரு, கோவை எங்கும் கிடைக்கும். கணினியும் தெரிந்து, வாக்கியமும் எழுதத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. வீடியோ கேம் நிறுவனங்களில் கதை எழுதும் வேலை கவர்ச்சியானது, ஆனால் இடங்கள் குறைவு; அதை மட்டும் நம்பக் கூடாது. இரவுப் பணியோ வார இறுதிப் பணியோ இல்லாத வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள், சம்பளம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. காலையில் ஒரு மணி நேரம் எழுத முடிகிற வேலை அவளுக்கு நல்ல வேலை.

கடைசியாக, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கும் விஷயம். அறுபதாயிரம் கட்டினால் 500 பிரதி அச்சிட்டு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) வாங்கி, விழாவும் நடத்தித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது, கட்டட்டுமா என்று. கட்டாதீர்கள். ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். காப்புரிமை எழுதியவுடனேயே அவளுடையது, பதிவு கட்டாயம் இல்லை. 500 பிரதி மூட்டையாக வந்து தறிக்கூடத்தில் கிடக்கவும் தேவையில்லை. பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் ஆர்டர் வரும்போது ஒவ்வொன்றாக அச்சிடலாம். மகனின் ஃபேண்டஸி நாவலைப் பெற்றோரே வெளியிட்டு வென்ற கதையும் உண்டு, மறுக்கவில்லை. 2002இல் மொன்டானாவில் கிறிஸ்டோபர் பாவோலினிக்கு அப்படி நடந்தது. ஆனால் அந்தப் பெற்றோர் ஏற்கெனவே பதிப்புத் தொழிலில் இருந்தவர்கள். பையனும் இடைக்கால உடை அணிந்து நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளிலும் நூலகங்களிலும் பேசினான். அதன் பிறகுதான் பெரிய பதிப்பகம் தேடிவந்தது.

அந்த நிறுவனம் அனுப்பியிருக்கும் ஒப்பந்தத்தில் உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாமல் எழுதிக்கொடுத்தால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் பொருள். “காப்புரிமைக் காலம் முழுவதும், உலகெங்கும்” என்று அச்சடித்திருந்தால் மகள் கையெழுத்துப் போடக் கூடாது. பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மகளையும் உடன் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். ஒப்பந்தத்தைப் படிக்கவேண்டியவள் அவள்தான்.