கொலையாளியின் பெயரை ஆவி சொல்லலாமா?

கேள்வி: துப்பறியும் நாவல் ஒன்று எழுதுகிறேன். நம் தீவின் சென் பியேர் ஊரில், பூட்டிய வீட்டுக்குள் ஒரு நகைக்கடைக்காரர் இறந்து கிடக்கிறார். அந்தக் காலத்துக் கொலைகாரக் கொள்ளையன் சிதரானுடைய ஆவியின் வேலை என்கிறது ஊர். ஓய்வுபெற்ற ஜாந்தார்ம் (பிரெஞ்சுக் காவல்படைக்காரர்) ஒருவர் துப்புத் துலக்குகிறார். 12-ஆம் அத்தியாயத்தில் செத்தவரின் ஆவி பூசாரியின் கனவில் வந்து கொலையாளியின் பெயரைச் சொல்கிறது. அதற்குப் பிறகு கதை சப்பென்று ஆகிவிட்டது என்கிறார்கள் படித்தவர்கள். ஆவியையே எடுத்துவிடட்டுமா?
– வாசகர், ரியூனியன்

பதில்: எடுக்காதீர்கள். பெயர் சொல்லும் வேலையை மட்டும் அதனிடமிருந்து பறித்துவிடுங்கள்.

படிப்பவர் உங்கள் ஜாந்தார்மோடு போட்டி போட்டு யோசித்துக்கொண்டே வருகிறார். கனவு விடை சொன்னதும் அவர் சேர்த்து வைத்த தடயமெல்லாம் வீணாகிறது. 1929-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த 10 விதிகளில், அமானுஷ்யத்துக்கு இடமில்லை என்பது இரண்டாவது. அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை. ஆவிக்கு எல்லை கட்டினால் போதும்.

முதல் எல்லை அறிவு. செத்தவர் உயிரோடு அறிந்தது மட்டுமே ஆவிக்குத் தெரியட்டும். பின்னாலிருந்து அடிபட்டவருக்கு அடித்தவன் முகம் தெரியாது. கடைசியாகக் கேட்ட சத்தம், மூக்கில் ஏறிய வாசம் தெரியும். மலைப்பக்கத்தில் காய்ச்சும் ஜெரேனியம் எண்ணெயின் வாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்விழித்த பூசாரி அந்த வாசத்தை மட்டும் சொல்லட்டும். கனவை நம்பி எந்த நீதிபதியும் யாரையும் சிறைக்கு அனுப்பமாட்டார். ஆகவே 3-ஆம் அத்தியாயத்திலேயே, பிணத்தின் அருகில் கிடந்த துண்டில் எண்ணெய்க் கறையை ஜாந்தார்ம் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு, நகைக்கடை எண்ணெய்தானே என்று தள்ளியிருக்க வேண்டும். இப்போது கனவு அவரை அந்தத் துண்டிடம் திருப்பி அனுப்புகிறது. கண்டுபிடிப்பு அவருடையதாகவே நிற்கும்.

இரண்டாவது, வரும் வழி. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கும் நம் சம்ளானியையே விதியாக்குங்கள்: பிடித்த பண்டம் படைத்தால்தான் ஆவி வரும். நாவல் 60,000 சொல் என்றால், முதல் 15,000 சொல்லுக்குள் வேறொரு வீட்டுச் சம்ளானியாக இது சாதாரணமாக வந்துபோகட்டும். பிறகு ஒருமுறை தப்பான பண்டம் வைத்து, ஆவி வராமல் போகட்டும். மூன்றாவது முறைதான் கனவு. விதி 12-ஆம் அத்தியாயத்தில் முதன்முதலாகத் தலைகாட்டினால், ஆசிரியர் தப்பிக்க வழி தேடினார் என்றுதான் தோன்றும்.

பூட்டிய கதவு இன்னும் முக்கியம். ஒரு தாளில் நடுக்கோடு கிழித்து, ஒவ்வொரு தடயத்துக்கும் இடப்பக்கம் மனிதக் காரணமும் வலப்பக்கம் ஆவிக் காரணமும் எழுதுங்கள். கனவு அத்தியாயம் வரை இரண்டு பக்கமும் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு பக்கம் காலியானால் அங்கேயே மர்மம் உடையும். சிதரான் வழக்கையே பாருங்கள். 1909-இல் அவனுடைய கொள்ளைக் கூட்டம் மந்திரவாதத்தால் ஊரை நடுங்கவைத்தது. ஆனால் வீடுகளுக்குள் புகுந்தது கதவில் துளை போட்டுத்தான். 1911-இல் சிதரானின் தலை வெட்டப்பட்டது. சென் பியேரில் உள்ள அவன் கல்லறையில் ரம்மும் சிகரெட்டும் வைப்பவர்கள் இன்றும் உண்டு. இரண்டு பக்கமும் நிரம்பிய தாள் என்பது இதுதான்.

முடிவில் எல்லாமே மனிதன் செய்த பித்தலாட்டம் என்றும் சொல்லிவிடாதீர்கள். சம்ளானியை நம்பிப் படித்தவர் ஏமாந்துபோவார். கொலையோடு சேராத ஒரே ஒரு சிறு விஷயத்துக்கு மட்டும் விளக்கம் தராமல் விடுங்கள். படையல் இலையில் ஒரு கவளம் குறைந்திருந்தது என்பது போல.