முதல் சீசனிலேயே ட்ரீ சேடில்: வாங்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து உரிமமும் வாங்கிவிட்டேன். காம்பவுண்ட் வில்லில் 25 கெஜம் வரை நம்பிக்கையாக எய்கிறேன். வரும் அக்டோபரில்தான் முதன்முதலாக வெள்ளைவால் மானுக்கு உட்காரப் போகிறேன். உடன் வேலை செய்பவர் ட்ரீ சேடில் வாங்கச் சொல்கிறார். என் எடை 92 கிலோ, உயரம் என்றால் கொஞ்சம் பயம். புதியவனுக்கு இது சரிப்படுமா? எவ்வளவு உயரம் ஏற வேண்டும்? இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்கிறார்களே?

பதில்: சரிப்படும், இப்போதே வாங்கிப் பழகுவதாக இருந்தால். செப்டம்பர் கடைசியில் பெட்டியைப் பிரித்து அடுத்த வாரமே மரமேறலாம் என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம். அந்த சீசனைத் தரையில் மறைவு கட்டி உட்கார்ந்தே ஓட்டிவிடுங்கள்.

சேடில் என்பது இடுப்பையும் பின்புறத்தையும் ஏந்திக்கொள்ளும் அகலமான துணி இருக்கை. அதன் இரு பக்க வளையங்களையும் இணைக்கும் குட்டைக் கயிறு பிரிட்ஜ். மரத்தைச் சுற்றிக் கட்டும் டெதர் என்ற கயிற்றில் இந்த பிரிட்ஜைக் காராபினரால் (வாய் பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கி) மாட்டிவிட்டு, மரத்தைப் பார்த்தபடி பின்னால் சாய வேண்டும். பாதங்கள் ஒரு சின்ன பிளாட்ஃபார்மில் இருக்கும். ஏறுவதற்கு மூன்று நான்கு கிளைம்பிங் ஸ்டிக், அதாவது மரத்தில் வாரால் கட்டும் படிகள். ஏறும்போது இடுப்பைச் சுற்றி லைன்மேன் கயிறு. ஊரில் மின்கம்பம் ஏறுபவர் கட்டிக்கொள்ளும் பெல்ட் செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. சேடில் மட்டும் இரண்டு மூன்று பவுண்டுதான் இருக்கும். பெரும்பாலான சேடில்களின் எடை வரம்பு 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. குளிர் உடை, பை எல்லாம் சேர்ந்தாலும் உங்களைத் தாங்கும்.

உயரப் பயம் இருப்பவர்களுக்கு சேடில்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம். மரத்தில் பொருத்தும் வழக்கமான இருக்கையான ஸ்டாண்டில் மரத்துக்கு முதுகைக் காட்டி, முன்னால் வெற்றுவெளியைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். இதில் மரம் முகத்துக்கு நேரே இருக்கிறது, கயிறு எப்போதும் இறுக்கமாகவே இருக்கிறது. அரை மணி நேரத்தில் உடம்பு அதை நம்பத் தொடங்கிவிடும்.

ஆபத்து தொங்கும்போது இல்லை, கயிறு மாற்றும்போது இருக்கிறது. ஏறி முடித்து பிளாட்ஃபார்மில் கால் வைத்ததும் லைன்மேன் கயிற்றிலிருந்து டெதருக்கு மாற வேண்டும். முதலில் டெதரை நெற்றி உயரத்தில் மரத்தைச் சுற்றி இறுக்குங்கள். பிரிட்ஜில் மாட்டுங்கள். காராபினர் வாய் மூடிப் பூட்டிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள், விரலால் அழுத்திப் பாருங்கள். காதில் விழுந்த 'கிளிக்' சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், ஜாக்கெட் துணி இடையில் மாட்டியிருந்தாலும் ஏதோ ஒரு சத்தம் வரும். பிறகு முழு எடையையும் டெதரில் போட்டுச் சாய்ந்து பாருங்கள். அது தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் லைன்மேன் கயிற்றில் கை வைக்கலாம். இறங்கும்போது இதே வரிசை தலைகீழாக: லைன்மேன் கயிறு மாட்டிய பிறகே டெதரை அவிழ்க்க வேண்டும். வழியில் கிளை குறுக்கிட்டால், கிளைக்கு மேலே இரண்டாவது கயிற்றைப் போட்டு மாட்டிவிட்டுக் கீழ்க்கயிற்றை எடுங்கள். தரையிலிருந்து கிளம்பித் தரைக்குத் திரும்பும் வரை ஏதாவது ஒரு கயிறு உங்களைப் பிடித்திருக்க வேண்டும்.

டெதரில் தொய்வு விடவே கூடாது. இந்தக் கயிறுகள் அதிகம் நீளாத வகை. மூன்று நான்கு அடி தொய்வோடு விழுந்தால் கயிறு அறாது, ஆனால் அந்த அதிர்ச்சி முழுவதையும் உங்கள் இடுப்பும் முதுகும்தான் வாங்கும். அதனால் டெதர் கட்டிய இடத்துக்கு மேலே ஏறிப்போய் எதையும் எட்டிப் பிடிக்காதீர்கள். இரண்டு கயிறுகளின் நுனியிலும் ஒரு தடுப்பு முடிச்சு இருக்கட்டும், இல்லாவிட்டால் இருட்டில் ப்ரூசிக் முடிச்சு (கயிற்றில் நகர்த்தி நீளத்தைச் சரிசெய்யும் முடிச்சு) வழுக்கிக்கொண்டு கயிற்றின் முனையைத் தாண்டிவிடலாம்.

இதையெல்லாம் பழக உயரமே தேவையில்லை. கொல்லைப்புற மரத்தில் பிளாட்ஃபார்மைத் தரையிலிருந்து ஓரடி மேலே கட்டுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் தொங்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு கயிறு மாற்றுங்கள், கையுறை போட்டுக்கொண்டு மாற்றுங்கள், ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் மாற்றுங்கள். அங்கிருந்தே இலக்கை நோக்கி எய்தும் பாருங்கள். கை யோசிக்காமல் செய்யத் தொடங்கிய பிறகு பத்தடிக்குப் போகலாம்.

இடுப்பு வலி உண்மைதான். முதல் சில நாள் எல்லோருக்கும் வரும், பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதே. இடுப்பெலும்பின் இரு பக்கமும் நெருக்கினால் பிரிட்ஜைச் சற்று நீட்டுங்கள், சேடிலைப் பின்புறத்தில் ஓரங்குலம் இறக்குங்கள், டெதரைச் சற்று மேலோ கீழோ நகர்த்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது வேலை செய்தது என்று தெரியும். முட்டிக்கு ஒரு பேட் வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் சாய்ந்து நிற்பது, கொஞ்ச நேரம் முட்டியை மரத்தில் ஊன்றி உட்கார்வது என்று மாறி மாறி இருந்தால் நாள் முழுக்கத் தாங்கலாம்.

உயரம்? 15 அடி போதும், 20 அடி தாராளம். முப்பதடி ஏறினால்தான் மான் மோப்பம் பிடிக்காது என்று பெருமையடிப்பவர்கள் உண்டு. உயரம் கூடக் கூட அம்பு செங்குத்தாக இறங்கும், இரண்டு நுரையீரல்களையும் துளைக்கும் வாய்ப்பு குறையும். ஒரு நுரையீரலில் மட்டும் அடிபட்ட மான் வெகுதூரம் ஓடிவிடும், தேடிக் கிடைப்பது கஷ்டம். மோப்பத்துக்கு மருந்து காற்றின் திசை பார்த்து மரம் தேர்ந்தெடுப்பதுதான்.

நீங்கள் வலதுகைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்: மான் வரும் தடம் உங்கள் இடப்பக்கம் விழும்படி மரத்தில் இடம் பிடியுங்கள். அந்தப் பக்கம் உடம்பை அதிகம் திருப்பாமலே வில்லை இழுக்கலாம். வலப்பக்கம் வரும் மானுக்கு மரத்தைச் சுற்றி நகரவோ வில்லைக் கயிற்றுக்கு மேலே தூக்கிப் போடவோ வேண்டியிருக்கும், அந்த அசைவை மான் பார்த்துவிடும். அடிமரத்தை உங்களுக்கும் தடத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டால் அதுவே மறைவு. கீழ்நோக்கி எய்யும்போது கையைத் தாழ்த்தாமல் இடுப்பில் மடங்குங்கள்.

மரத்தேர்வில் பென்சில்வேனியாவுக்கென்று ஒரு எச்சரிக்கை. எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு இந்த மாநிலத்தில் 2007ல் கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு காடெங்கும் ஆஷ் மரங்கள் நின்ற நிலையிலேயே செத்துக்கிடக்கின்றன. நேராக, கிளையில்லாமல், சேடிலுக்கென்றே வளர்ந்ததுபோல நிற்கும். செத்த ஆஷ் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். பட்டை உரிந்து வெளிறிய திட்டுகள் தெரிந்தால் விலகிவிடுங்கள். ஷாக்பார்க் ஹிக்கரியின் பட்டை கயிறு உரசும்போது சத்தம் போட்டு உதிரும். உயிருள்ள ஓக் கிடைத்தால் அதற்கு மேல் என்ன வேண்டும், அக்டோபரில் கீழே அதன் கொட்டையான ஏகார்ன் கொட்டிக் கிடந்தால் மானும் அங்கேதான் வரும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. மாநில கேம் லேண்டுகளில், அதாவது அரசின் பொது வேட்டை நிலங்களில், மரத்தைச் சேதப்படுத்தும் எதையும் பயன்படுத்தக் கூடாது, திருகி ஏற்றும் ஆணிப்படிகள் உட்பட. வாரில் கட்டும் ஸ்டிக்குகள் போதும். துப்பாக்கி மான் சீசனில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு கட்டாயம். நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் விசா விஷயம்: எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்க மத்திய சட்டத்தில் பொதுத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. வில் அந்தச் சட்டத்தில் துப்பாக்கிக் கணக்கில் வராது. துப்பாக்கிக்கு மாறும் எண்ணம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள், மெல்லிய கயிற்றில் கட்டி மேலே போன பிறகு இழுத்துக்கொள்ளுங்கள். போன் சட்டைப் பையில், தொங்கினாலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

அம்பு பாய்ந்த பிறகு கை நடுங்கும், மானைப் பார்க்க மனது பறக்கும். பழகிய வேட்டைக்காரர்கள்கூட வரிசையைத் தவறவிடும் நேரம் அது. நன்றாகப் பட்டது என்று தோன்றினாலும் அரை மணி நேரம் அங்கேயே தொங்குங்கள். மானுக்கும் அந்த நேரம் தேவை, உங்களுக்கும் தேவை. வில்லைக் கீழே இறக்கிவிட்டு, லைன்மேன் கயிறு, பிறகு டெதர் என்று மேலே சொன்னபடியே இறங்குங்கள். மானை நகர்த்தும் முன் உரிமத்தோடு வரும் டேகை எழுதிக் காதில் கட்ட வேண்டும். மான்களைக் கொல்லும் க்ரானிக் வேஸ்டிங் நோய் இந்த மாநிலத்தில் 2012லேயே வந்துவிட்டது, அதற்கெனக் குறிக்கப்பட்ட பகுதிகளிலிருந்து தலை, முதுகெலும்பு போன்ற பாகங்களை வெளியே எடுத்துப்போகத் தடை உண்டு. உங்கள் இடம் அதற்குள் வருகிறதா என்று மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷன் வரைபடத்தில் இப்போதே பார்த்துவிட்டு, இறைச்சி வெட்டிக்கொடுக்கும் கடைக்காரரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.